சம்பூர் நிலமும் ஊராரின் சொல்லும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை எழுதாதார் இலர். அதன் கரையில் வாழ்வோரின் கருத்தைக் கேட்டோர் சிலரே. கொட்டியாரக்குடாவை அடுத்த சம்பூர் இதற்குத் தக்க சான்று. 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டே அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் பிரகடனமாயிற்று. இந்திய - இலங்கைக் கூட்டு முயற்சியாக 500 மெகாவாட் அனல்மின் நிலையமொன்றை அங்கே அமைக்கவும் முடிவாயிற்று. நிலத்துக்குரியோருட் பலர் அப்பொழுது இடைத்தங்கல் முகாம்களில் இருந்தனர்!

சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கை மீது கருத்துரைக்கப் பொதுமக்களுக்குச் சட்டம் 30 நாட்களை அளிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலும் இடம் குறித்த பின்னரே அவ்வறிக்கை வெளிவருகிறது. புகைபோக்கியின் உயரத்தைப் பற்றி ஊரார் பேசலாம். அது இங்கு எதற்கு என்று கேட்கும் காலமோ கடந்துவிடுகிறது. வழக்கொன்று நடந்தமையால், 2016 செப்டெம்பரில் அந்நிலையம் சம்பூரில் அமையாதென அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. வழக்காட வழியற்ற ஊரின் கதி யாதோ?

2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கரியினும் வெயில் மேல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மாவட்டத்தின் பிரதேச சபைகளில் மக்கள் தெரிந்த உறுப்பினர் ஒருவரேனும் இல்லை. ஊரார் எவரிடம் முறையிடுவது?

துறைமுகம் நாட்டின் பொதுச்சொத்து, அதை ஓர் ஊர் தடுக்கலாமோ என்பார் உளர். நாம் வேண்டுவது தடையன்று. இடத்தைத் தெரியுமுன் வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊரவர் முன் விரிக்க வேண்டும். பிரதேச சபையின் மறுப்பை மீறுவதாயின், அதற்குரிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவ்விரண்டையும் சட்டமே கடமையாக விதித்தல் தகும்.