வானிலிருந்து வரும் ஆணைக்கு வரம்பு யாது?

2025ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று தமிழ் மக்களின் ஆழ்ந்த கவனத்துக்குரியது. 2022 யூலையிலே பதில் சனாதிபதியாக இருந்த திரு. ரணில் விக்கிரமசிங்க, பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறிய செயலென நீதியரசர் மூவருள் இருவர் தீர்ப்பளித்தனர். ஒருவர் மாறுபட்டார். காலிமுகத்திடற் கிளர்ச்சியை ஒட்டி எழுந்த வழக்கு அது. ஆயினும் அத்தீர்ப்பை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் ஒரு கேள்வி எழாமற் போகாது. தெற்கிலே நிலவிய அவசரகாலத்தை நீதியின் தராசிலே நிறுக்க முடியுமாயின், 1983 முதல் 2011 வரை, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, எம் தலைமேல் நின்ற அவசரகாலத்தை நிறுத்தவர் யார்?

நாட்டின் தலைமகன் சட்டத்துக்கு மேற்பட்டவனல்லன் என்பது இந்நாட்டு நீதிமன்றங்களுக்குப் புதிய செய்தியன்று. 1937ஆம் ஆண்டிலே, அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பின் சமசமாசக் கட்சியிற் சேர்ந்த பிரேஸ்கேடில் என்ற இளைஞரை நாடுகடத்துமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் ஆணையிட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. போர் முதலிய நெருக்கடிக்கென ஆக்கப்பட்ட அதிகாரத்தை, நெருக்கடி எதுவுமில்லாத வேளையிற் கையாளலாகாதெனக் கூறி நீதியரசர் அவரை விடுவித்தனர். அந்நிய ஆட்சியின் நிழலில் அமர்ந்திருந்த நீதிபதிகள் தேசாதிபதியின் கையெழுத்தை அன்று புறந்தள்ளினர். சுதந்திரம் பெற்றபின் அத்துணிவு பெருகியிருக்க வேண்டுமன்றோ? நடந்தது வேறு.

பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சுதந்திர இலங்கையின் படைப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களை அடக்க வெள்ளையராட்சி விட்டுச்சென்ற சாட்டை அது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே அறவழியில் அமர்ந்த சத்தியாக்கிரகிகள்மீது, ஏப்பிரல் 17ஆம் நாள் அதே சாட்டை வீசப்பட்டது. தந்தை செல்வநாயகமும் தோழர்களும் குற்றச்சாட்டின்றி, விசாரணையின்றிப் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டனர். அப்பொழுது சனாதிபதி இல்லை. மகாதேசாதிபதியும் பிரதமரும் இருந்தனர். பதவியின் பெயர் மாறியதேயன்றிப் பழக்கம் மாறவில்லை.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கென வந்தது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 9ஆம் பிரிவின்படி, ஓர் ஆளைச் சந்தேகிக்கக் காரணமுண்டென அமைச்சர் கருதினாற் போதும். மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை தடுத்துவைக்கலாம். பாதுகாப்பு அமைச்சைச் சனாதிபதியே தம்வசம் வைத்திருப்பது வழக்கமாகிவிட்ட நாட்டிலே, சந்தேகிப்பவரும் ஆணையிடுபவரும் நீட்டிப்பவரும் ஒருவரே. அவ்வாணையை எந்த நீதிமன்றிலும் வினவலாகாதென 10ஆம் பிரிவு கதவையுஞ் சாத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்து, 10ஆம் பிரிவையும் நீக்கியது. நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின் தாழ்ப்பாள் ஒன்று விலகியது, மறுக்கவில்லை. ஆயின் பூட்டு நிற்கிறது. அச்சட்டத்தை ஒழிப்போமென வாக்களித்து 2024இல் ஆட்சிபீடம் ஏறியோரும் 2025 முடியும்வரை அதனை ஒழித்தாரில்லை.

அமைச்சர் "காரணமுண்டு" என்றால் நீதிபதி அதை நம்பித்தான் ஆகவேண்டுமா? இரண்டாம் உலகப் போரிடை, 1941இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை லிவர்சிட்ஜ் வழக்கிலே "ஆம்" என்றது. அற்கின் பிரபு ஒருவரே மறுத்து நின்றார். பின்வந்த காலம் அவரையே சரியெனக் கொண்டது. இதில் நம்மவர் அறியவேண்டிய வேடிக்கை ஒன்றுண்டு. 1950இல் இலங்கையிலிருந்து கோமறை மன்றுக்குச் சென்ற நக்குடா அலி வழக்கிலே, புடைவை வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தை நீக்கும் அதிகாரிக்கு மெய்யாகவே நியாயமான காரணம் இருத்தல் வேண்டுமென அம்மன்று கூறியது. வியாபாரி வழக்கிலே தோற்றார் என்பது வேறு. புடைவைக் கடைக்கு உரைத்த அந்த அளவுகோலை மனிதனின் உடலுக்கும் பொருத்தக் கேட்பது மிகையாகுமா?

நம் நீதிமன்றங்கள் எக்காலமும் உறங்கின எனக் கூறுதல் நேர்மையாகாது. 1987இல் யோசப் பெரேரா வழக்கிலே பிரதம நீதியரசர் சர்வானந்தா, சனாதிபதி ஆக்கும் அவசரகால ஒழுங்குவிதியும் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியதே என நிறுவினார். 1997இல் முன்னாள் அமைச்சர் சிறிசேன குரேயின் தடுப்புக் காவல் சட்டவிரோதமெனத் தீர்க்கப்பட்டது. 2018 திசெம்பரில், திரு. சம்பந்தனும் மற்றையோரும் தொடுத்த வழக்கிலே, பாராளுமன்றத்தைக் கலைத்த சனாதிபதியின் பிரகடனம் செல்லாதென ஏழு நீதியரசரும் ஒருமுகமாக உரைத்தனர். முன்னாள் அமைச்சருக்கும் பாராளுமன்றத்துக்கும் திறந்த கதவு, அச்சுவேலிக் கமக்காரன் மகனுக்கு எத்தனை தடவை திறந்தது? சட்டத்தரணி பிடிக்கப் பணமில்லை. ஆணையின் பிரதி கையிலில்லை. பிள்ளை எந்த முகாமில் என்பதே தெரியாது. சட்டத்தின் குறை பாதி, இவை பாதி.

இத்துணையும் சிறைப்பட்டவனைப் பற்றியது. சிறைப்பட்டவனுக்கு ஆட்கொணர்வு மனு என்ற ஒன்றேனும் உண்டு. வானிலிருந்து விழும் குண்டுக்கு எந்த மனு?

1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சூழலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செப்தெம்பர் 22ஆம் நாள் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் பிள்ளைகள் மாண்டனர். அதற்கு முந்திய நாளிலேதான் போர்ச்செய்திகள்மீது தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டுக்குமாக இந்நாட்டின் எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியெனக் கண்டதில்லை. பின்னாளில் வன்னி மக்கள் "வண்டு" என்று பெயரிட்ட ஆளில்லா வேவு விமானம் தலைமேல் இரைந்தபொழுது, பதுங்குகுழிக்கு ஓடியவர் எவரும் அரசியலமைப்பின் எந்த உறுப்புரை தம்மைக் காக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

அவ்வாறு காக்கும் உறுப்புரை ஏதும் உண்டா என்று தேடினோம். சனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுச் செய்ய 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் வழிவகுத்தது. அதே திருத்தம், போரையும் சமாதானத்தையும் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை மட்டும் நீதிமன்றின் கைக்கு எட்டாமல் விலக்கி வைத்தது. போர் தொடுக்கலாமா என்பது அரசியற் கேள்வி. அதனை நீதிபதி தீர்க்க வேண்டியதில்லை என்போருடன் நாமும் ஒருவாறு உடன்படுவோம். ஆனால் தேவாலயத்தின்மீது குண்டு போடலாமா என்பது போர்ப் பிரகடனமன்று. அவ்விலக்கின் நிழல் அதுவரை நீளவேண்டியதில்லை என்பதே எமது துணிபு. 1983 யூன் மாதத்து 15அ என்ற ஒழுங்குவிதி, மரண விசாரணையின்றியே பிணத்தைப் புதைக்கவும் எரிக்கவும் அனுமதித்ததை யாம் மறக்கவில்லை. கொலைக்குச் சாட்சி பிணமே. அதனையே எரித்துவிட்டாற் பின்பு எதைக்கொண்டு வழக்குரைப்பது?

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே, எதிரிப் போராளியெனத் தடுத்துவைக்கப்பட்ட குடிமகன் ஹம்டிக்கு, காரணத்தை அறியவும் நடுநிலையான ஒருவர்முன் மறுத்துரைக்கவும் உரிமையுண்டென 2004இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறியது. ஆயின் அன்வர் அவ்லாக்கி என்ற வேறொரு குடிமகனைக் கொல்லக் குறித்துள்ளனர் என அவர் தந்தை 2010இல் முறையிட்டபொழுது, வழக்கிடும் தகுதி தந்தைக்கில்லை, இது அரசியற் கேள்வி என வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2011 செப்தெம்பர் 30ஆம் நாள் யெமனிலே ஆளில்லா விமானத்தாக்குதல் அவரைக் கொன்றது. இரு வாரத்தில் அவருடைய பதினாறு வயது மகன் வேறொரு தாக்குதலில் மடிந்தான். பிடித்தாற் கேள்வி உண்டு, கொன்றாற் கேள்வி இல்லை என்ற நிலைக்கு இட்டுச்செல்லும் நியாயம் எவ்வகை நியாயம்? இசுரேலின் உயர் நீதிமன்றமோ 2006இல் இத்தகைய கொலைகளை முற்றாகத் தடுக்க மறுத்தது. எனினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும், தாக்கியபின் சுயாதீன விசாரணை வேண்டும் என்றது. அது எவ்வளவு கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு. போர்க்காலத்திலும் நீதிபதி வாய்திறக்க முடியும் என்பதற்கு அது சான்று.

குண்டு போடுமுன் தளபதி நீதிமன்றுக்கு ஓடவேண்டுமா என்று சிலர் நகைப்பர். நாம் அதைக் கேட்கவில்லை. ஆணை எழுத்தில் இருக்கட்டும். இட்டவர் பெயர் அதில் இருக்கட்டும். குடிமகன் மாண்டால் நீதவான்முன் மரண விசாரணை கட்டாயமாகட்டும். தடுப்புக் காவலைத் தொடக்குவதும் நீட்டுவதும் அமைச்சரின் பேனாவிலிருந்து நீதிபதியின் பேனாவுக்கு மாறட்டும். தமிழ்ப் போராளி இயக்கங்கள் விசாரணையின்றி அடைத்துவைத்ததையும் கொன்றதையும் எம் மக்கள் அறிவர்; அவற்றுக்கும் இதே அளவுகோலையே வைக்கிறோம். வைக்காவிடில் இதனைக் கேட்கும் தகுதி எமக்கிராது.

சரணடைந்தபின் காணாமற்போன எழிலனை மன்றின்முன் நிறுத்துமாறு 2022இல் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், மனைவி ஒருவர் விடாது நடந்து பெற்ற கட்டளை அது. ஆகவே வாசகர்கள் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்க. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் உங்கள் வீட்டிலே எவரேனும் பிடிக்கப்பட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்படல் வேண்டும். அறிவித்தார்களா என்று நீங்களே கேளுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அம்மாதத்துள் ஆணைக்குழுவிலே முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அந்தக் கணக்கிற் சேராது. முறைப்பாட்டின் இலக்கத்தையும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.