அணு உலை, நியூட்ரினோ: விவாதிக்கும் முன் எதைப் படிக்கலாம்?

மணியாச்சி ஜங்ஷனில் பிரியும் ஒரு பாதை தூத்துக்குடிக்குப் போகிறது. அது கனநீர் ஆலை கட்டப்பட்ட ஊர். இன்னொரு பாதை நெல்லைக்கு. அதையும் தாண்டினால் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. வடமேற்கே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நியூட்ரினோ ஆய்வகம் இன்னும் வரவில்லை. டீக்கடைப் பேச்சில் மூன்றும் 'அணு' என்று ஒன்றாகிவிடுகின்றன. ஆனா மூணும் வேற வேற.

எங்கே தொடங்குவது?

தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'அணுக்கரு இயற்பியல்' பாடம். தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதில் 'தணிப்பான்' என்ற பகுதியைக் கவனியுங்கள். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பது அதன் வேலை. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் அது கனநீர். கூடங்குளத்தில் சுத்திகரித்த சாதாரண நீர். தூத்துக்குடி கனநீர்தான் கூடங்குளம் உலையை ஓட்டுகிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்ல இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

நியூட்ரினோவுக்கு?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பீட்டா சிதைவைப் படியுங்கள். நியூட்ரினோ அங்கேதான் வருகிறது. ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஃபிராங்க் குளோஸ் எழுதிய 'நியூட்ரினோ' (2010). பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது உலை அல்ல, 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. மற்ற காஸ்மிக் கதிர்களைத் தடுக்கத்தான் மலைக்கு அடியில் இடம் கேட்டார்கள். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானதும் இதே காரணத்தால்தான்.

கல்லூரி மாணவர்களுக்கு?

அணுக்கருவுக்கு கென்னத் கிரேன், துகள்களுக்கு டேவிட் கிரிஃபித்ஸ். இரண்டுக்கும் முன்னால் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படை வேணும். இல்லைன்னா பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள்.

இதெல்லாம் படித்தால் முடிவுக்கு வந்துவிடலாமா?

முடியாது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் நியூட்ரினோ திட்டத்தை எதிர்த்தது கதிர்வீச்சுக்காக மட்டும் என்று நினைத்தால் தப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையும் புலிகளின் வழித்தடமும் அதில் முக்கியமான வாதங்கள். இதற்கு இயற்பியல் புத்தகத்தில் விடை கிடையாது. கூடங்குளத்தின் பாதுகாப்பு, கழிவு பற்றிய கேள்விகளுக்கு 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். உலையை இயக்க அனுமதித்த அதே தீர்ப்பில் 15 உத்தரவுகளும் இருக்கின்றன.

எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகம் என்று பிரித்துக்கொண்டால், ஆதரிப்பவரையும் எதிர்ப்பவரையும் சரியான இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.