பழைய வண்டி கிளட்ச்சும் ஆர்.சி. புக்கும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பொறுத்துக்குங்க :-)

அல்லிநகரத்துல மாமாவோட பழைய டாடா 407-க்கு கிளட்ச் மாத்தணும். ஆர்.சி. புக்குல இருக்கிற வருஷத்தைச் சொல்லி நான்தான் புது பிளேட் வாங்கிட்டு வந்தேன். விட்டம் சரி. ஆனா நடுவுல இருக்கிற பல்லு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல ஏறவே இல்லை. எப்பவோ யாரோ கியர்பாக்ஸையே மாத்தியிருக்காங்க!

அதனால சொல்றேன்: பழைய வண்டிக்கு ஆர்.சி. புக்கை நம்பாதீங்க. கழட்டின பிளேட்டை கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க. விட்டத்தை அளங்க, பல்லை எண்ணுங்க.

அடுத்தது, காசு மிச்சம்னு பிளேட்டை மட்டும் மாத்தாதீங்க. பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் தளர்ந்திருந்தா புது பிளேட்டும் வழுக்கும். ரிலீஸ் பேரிங் போனா மறுபடி கியர்பாக்ஸை இறக்கணும், கூலி ரெண்டு தடவை. மூணையும் சேர்த்தே மாத்துங்க. ஃபிளைவீல்ல சூட்டு வெடிப்பு இருக்கான்னும் பார்த்துடுங்க.

இவ்வளவு எதுக்குன்னா, இங்க லோடு ஏறுறது போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் வழுக்கினா ஏத்தத்துல இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அதாவது பரவாயில்லை. இறக்கத்துல கியர் பிடிக்காம மொத்த பாரமும் பிரேக் மேல விழும். அப்ப கடையில மிச்சம் பிடிச்ச காசு ஞாபகத்துக்கு வராது.