பிடரி மயிரிடம் கேட்கப்படாத கேள்வி: தரோப்ரெட் வம்சாவளிப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஜாக்கி கிளப்பின் வம்சாவளிப் பதிவாளர் அவர்களுக்கு,

பதிவேட்டில் சேரும் ஒவ்வொரு தரோப்ரெட் இனக் குதிரைக்குட்டியின் பெற்றோரும், 2001-இல் பிறந்த குட்டிகள் தொடங்கி, அதன் பிடரி மயிரின் வேரிலிருந்து எடுக்கப்படும் டிஎன்ஏவைக் கொண்டு உறுதிசெய்யப்படுகின்றனர். அதே மயிர்வேர் அக்குட்டி பின்னாளில் ஈனுமா, ஈன்விக்குமா என்பதைப் பற்றியும் ஓரளவு சொல்லவல்லதாயினும், அக்கேள்வி அதனிடம் கேட்கப்படுவது பதிவின் வழக்கத்தில் இல்லை.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள் உண்டு. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுக்கு மாறாக ஒன்றே அமைந்த பெண்குதிரையின் சூலகம் வளராமல் சிறுத்துவிடுவதால் அது சினை பிடிப்பதில்லை. பெண்குதிரைகளின் மலட்டுத்தன்மைக்கான குரோமோசோம் காரணங்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. ஆனால் இது கருவணு உருவாகையில் புதிதாக நேரும் பிழையாதலின் வம்சத்தைக் குறைகூற இடமில்லை. ஆண் இயக்குநீரை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணு பழுதுபடுவது வேறு வகை. அப்பழுதைப் பெற்ற, ஒய் குரோமோசோம் உடைய குட்டி புறத்தோற்றத்தில் பெண்ணாக வளர்ந்து மலடாகிறது. அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், குறையேதுமின்றி ஈனும் தாயே அதைத் தன் குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கடத்துகிறது.

பொலிகுதிரைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. விந்தணுவின் தலையை மூடியுள்ள அக்ரோசோம் என்னும் உறை உரிய நேரத்தில் நொதிகளை வெளியிட்டால்தான் முட்டையின் உறையைத் துளைக்க இயலும். இச்செயல் குன்றிய தரோப்ரெட் பொலிகுதிரைகளை ஆராய்ந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் டெர்ஜே ரௌட்செப் குழுவினர், 13-ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்கேபிபி6 மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் பெற்றோர் இருவர் வழியாகவும் வந்து சேர்வதே இதற்கு ஏதுவாகிறது என 2012-இல் வெளியிட்டனர். இத்தகைய குதிரையின் விந்து, எண்ணிக்கையிலும் அசைவிலும் பழுதற்றதாகவே தோன்றுவதால், வழக்கமான சோதனை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பிற இனங்களில் விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்தி இத்தடையைக் கடக்கலாம். இயற்கைச் சேர்க்கையை மட்டுமே ஏற்கும் தரோப்ரெட் விதி அவ்வழியை அடைத்திருக்கிறது. மாற்றுவழியை மறுக்கும் அமைப்புக்கு முன்கூட்டியே சோதித்தறியும் கடமை கூடுகிறது. ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெண்குதிரைகளோடு மட்டுமே சேரலாம் என 2020-இல் வகுக்கப்பட்ட வரம்பும் 2022-இல் விலக்கப்பட்டுவிட்டதால், ஒரே குதிரையின் மறைந்த குறை ஒரு தலைமுறைக்குள் பரவும் வாய்ப்புத் தடையின்றி நிற்கிறது.

குரோமோசோம் துண்டுகள் இடம்மாறிய குதிரைகளோ நலமாகவே தோன்றும். அவற்றின் கரு மட்டும் தொடக்க வாரங்களில் மீண்டும் மீண்டும் கலையும். இதை அறிய மயிர் போதாது, இரத்த அணுக்கள் வேண்டும். காரணம் தெரியாதவரை, பெண்குதிரை பருவத்துக்குப் பருவம் பயனற்ற மருத்துவத்துக்கு ஆளாகிறது, இது கொடுமை.

குறையைச் சுமக்கும் குதிரைகளை விலக்குமாறு இம்மடல் கோரவில்லை. தந்தைவழியில் மூன்றே முன்னோர்களைக் கொண்ட, மூடிய பதிவேட்டையுடைய இனம் அவ்விழப்பைத் தாங்காது. பொலிகுதிரையாகப் பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் எஃப்கேபிபி6 சோதனையும் குரோமோசோம் ஆய்வும், பெண்குதிரைகளுக்கு முதற் சேர்க்கைக்கு முன் குரோமோசோம் ஆய்வும் கட்டாயமாக்கப்பட்டு, முடிவுகள் உரிமையாளருக்கும் சேர்க்கைக்கு இசையும் மறுதரப்புக்கும் அறிவிக்கப்பட வேண்டும். அடுத்த சேர்க்கைப் பருவம் தொடங்குமுன் அதற்கான விதியைத் தாங்கள் முன்மொழிய வேண்டுகிறது இம்மடல்.