என் இனிய சட்டித்தலையா!

போன வாரம் முழுக்க நான் பரண் மேலதான் குடியிருந்தேன். யார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டு ஏறல. மயிலாப்பூர்ல எங்க பழைய வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க, பரணைக் காலி பண்ற டூட்டி நம்ம தலையில. வெண்கலப் பானை, ஓடாத டேபிள் ஃபேன், அம்மாவோட கொலு பொம்மைப் பெட்டி, ஏழாங்கிளாஸ் ஜியாமெட்ரி பாக்ஸ்... எல்லாத்துக்கும் அடியில, பழைய நியூஸ் பேப்பர்ல பத்திரமா சுத்தி வெச்ச ஒரு காமிக்ஸ். உள்ளே முதல் பக்கத்துல லெண்டிங் லைப்ரரி சீல்.

அது என் புத்தகம் இல்லை. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். முதல்ல ஹீரோவுக்கு ஒரு இன்ட்ரோ கொடுத்துடறேன்.

பேர் ஆர்ச்சி. உடனே பெட்டி, வெரோனிகானு ரெண்டு பொண்ணுங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கற ஆர்ச்சியை நினைச்சுக்காதீங்க. இவர் வேற. தலை முதல் கால் வரை இரும்பு. ரோபோ. தலையைப் பார்த்தா சட்டியைக் கவிழ்த்து வெச்ச மாதிரியே இருக்கும். அதனால தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் செல்லமா வெச்ச பேர், 'சட்டித்தலையன்'. ரஜினி சாரோட சிட்டி 2010-லதான் வந்தார். நம்ம சட்டி அதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே தமிழ் பேசிட்டார்!

பூர்வீகம் இங்கிலாந்து. 1952 பிப்ரவரியில 'லயன்'னு ஒரு வாரப் பத்திரிகை அங்கே ஆரம்பிச்சாங்க. அதோட முதல் இதழ்லயே ஆர்ச்சி ஆஜர். எழுதினவர் ஜார்ஜ் கோவன். பல வருஷம் வரைஞ்சவர் டெட் கீரன். அதே கோவன்தான் பின்னால, கிரிமினலா ஆரம்பிச்சு நல்லவனா மாறின ஸ்பைடரையும் உருவாக்கினார். (சிலந்தி கடிச்ச பையன் இல்லைங்க, இது கூர்மூக்கு ஸ்பைடர்!)

நம்மூருக்கு எப்படி வந்தார்? பட்டாசும் காலண்டரும் வர்ற அதே சிவகாசி வழியாத்தான். 1972-ல அங்கே முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சு இரும்புக்கை மாயாவியை இறக்கினாங்க. மாயாவியும் சுத்தத் தங்கம் இல்லை. ஆரம்பத்துல கையை வெச்சுக்கிட்டு திருட்டு வேலை பார்த்த ஆசாமிதான். 1984-ல அதே குடும்பத்துல இருந்து லயன் காமிக்ஸ் வந்தது. எடிட்டர் விஜயன், அப்போ டீன் ஏஜ் தாண்டாத பையன். உங்க ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர் ஒருத்தன் பத்திரிகை நடத்தினா எப்படி இருக்கும்? அப்படி! ஆர்ச்சி அதுல 'இரும்பு மனிதன்'னு வந்து இறங்கினார். இங்கிலீஷ்ல அவரோட கூட்டாளிங்க டெட், கென். தமிழ்ல அவங்க தாம்சன், விக்டர்.

சரி, மேட்டருக்கு வருவோம். இவர்கிட்ட அப்படி என்ன ஸ்பெஷல்?

ஆரம்பத்துல ஆர்ச்சிக்குப் பேச்சு வராது. கன்ட்ரோல் பெட்டியில பட்டனை அமுக்கினா நடப்பார், தூக்குவார், உடைப்பார். அப்புறம் ஒரு கட்டத்துல வாய் வந்தது. வாய் வந்ததும் முதல் வேலையா என்ன பண்ணினார் தெரியுமா? பீத்திக்க ஆரம்பிச்சுட்டார்! 'என்னை மாதிரி உண்டா, என்னை அசைக்க ஆள் உண்டா'னு ஒரே ரவுசு. அடுத்த பக்கத்துலயே தொபுகடீர்னு பள்ளத்துல விழுவார். தாம்சனும் விக்டரும் தலையில அடிச்சுக்கிட்டே போய்த் தூக்கி விடணும். எழுந்ததும் மறுபடி பீத்தல். உங்க கேங்க்ல இப்படி ஒரு மச்சி கண்டிப்பா இருப்பான். இல்லைனா... ஸாரி பாஸ், அது நீங்கதான்.

அறுபதுகளோட கடைசியில ஆர்ச்சி கையில கால யந்திரம் ஒண்ணு கிடைச்சது. பேரு கோட்டை. செஸ் போர்டு மூலையில நிக்குமே யானைக் காய், அச்சு அசல் அதே ஷேப். உள்ளே ஏறி லீவரைத் தள்ளினா எந்த நூற்றாண்டுக்கு வேணும்னாலும் போகலாம். எந்த நூற்றாண்டுக்குப் போனாலும் ஆர்ச்சியோட வாய் மட்டும் மாறாது, அதுதான் அழகு! மத்த சூப்பர் ஹீரோக்கள் நம்மகிட்ட 'என்னை மாதிரி ஆகு'ம்பாங்க. ஆர்ச்சியைப் பார்த்தா, 'அட, இவரே ஹீரோன்னா நமக்கும் சான்ஸ் இருக்குப்பா'னு தோணும்.

உண்மையைச் சொல்லிடறேன். இப்போ படிச்சா அந்தக் கதைகள்ல லாஜிக் ஓட்டைகள் வழியா கோட்டையே நுழைஞ்சு போகும். 2012-ல 'கம் பேக் ஸ்பெஷல்' போட்டு லயன் திரும்பி வந்ததுல இருந்து, பழைய ஹீரோக்களை மறுபடி போடுங்கனு ஒரு கோஷ்டி, புதுசா வளருங்கப்பானு இன்னொரு கோஷ்டினு ரசிகர்கள் நடுவுல பட்டிமன்றமே நடக்குது. புத்தகக் காட்சியில அவங்க ஸ்டால் பக்கம் போய்ப் பாருங்க. தலை நரைச்ச அங்கிள்ஸ், பேரனைக் கையில பிடிச்சுக்கிட்டு, 'சட்டித்தலையன் வருமா சார்?'னு கேட்பாங்க. நான் எந்தக் கோஷ்டினு சொல்லணுமா என்ன?

அமெரிக்காவுலயும் நம்மாளு மாதிரி ஒருத்தர் உண்டு. பூஸ்டர் கோல்ட். 1986-ல டான் ஜர்கன்ஸ் உருவாக்கினது. 25-ம் நூற்றாண்டு காலேஜ் பையன், ஃபுட்பால் ஸ்டார். பெட்டிங் கும்பல் பேச்சைக் கேட்டு மேட்ச்சைக் கோட்டை விட்டான், காலேஜ்ல இருந்து தூக்கிட்டாங்க. மியூசியத்துல வாட்ச்மேன் வேலை கிடைச்சது. அங்கே காட்சிக்கு வெச்சிருந்த பவர் பெல்ட்டையும் பறக்கற மோதிரத்தையும் சுட்டுக்கிட்டு, கால யந்திரத்துல ஏறி நம்ம காலத்துக்கு வந்து, 'நான்தான் சூப்பர் ஹீரோ'னு விளம்பரப் படமெல்லாம் நடிச்சுக் காசு பார்த்தான். ஃப்ராடு!

ஆனா 2007-ல ஆரம்பிச்ச தொடர்ல அதே ஃப்ராடுகிட்ட ஒரு பொறுப்பு வருது. காலத்தையே காப்பாத்தற வேலை. கண்டிஷன் என்னன்னா, யாருக்கும் தெரியக்கூடாது, ஊர் கண்ணுக்கு கோமாளியாவே இருக்கணும். அதுல ஒரு இதழ். ஜோக்கர் பார்பரா கார்டனைச் சுடறதைத் தடுக்கணும்னு திரும்பத் திரும்ப அந்த ஒரே ராத்திரிக்குப் போவான். ஒவ்வொரு தடவையும் செமத்தியா அடி வாங்கித் தோத்துத் திரும்புவான். சில விஷயங்களை மாத்தவே முடியாதுனு அவனுக்குப் புரியற இடம் அது. படிச்சிட்டு ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏன்னா, எனக்கும் அப்படி ஒரு சாயங்காலம் இருக்கு.

1986. நான் ஏழாங்கிளாஸ். எங்க வீட்ல காமிக்ஸ் தடா. மந்தைவெளியில என் உயிர்த்தோழன் ஒருத்தன், லெண்டிங் லைப்ரரி மெம்பர். அவன் கார்டுல எடுத்த ஆர்ச்சி புத்தகத்தை, ஒரே ஒரு ராத்திரி படிச்சுட்டுத் தர்றேன்னு வாங்கிட்டு வந்தேன். திருப்பிக் கொடுக்க மனசே வரல. கேட்டான். 'அன்னிக்கே உன் பையில வெச்சுட்டேனே'னு கூசாம அடிச்சு விட்டேன். அவனும் வீடு முழுக்கத் தேடினான். லைப்ரரியில டெபாசிட் போச்சு. அவங்கப்பா பெல்ட்டை எடுத்துட்டார். மெம்பர்ஷிப்பும் கட். மறுநாள் கையில வரி வரியா தழும்போட வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். நான் வாயே திறக்கல.

அந்த வருஷமே தி.நகர்ல என் மாமா பையன் லயன் காமிக்ஸ் வாங்க ஆரம்பிச்சான். ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் பிடிச்சு அங்கே ஓடிடுவேன். திங்கக்கிழமை காலையில ஸ்கூலுக்கு நடந்து போறப்போ, படிச்ச கதையை மந்தைவெளிக்காரனுக்கு சவுண்ட் எஃபெக்ட்டோட சொல்லுவேன். குற்ற உணர்ச்சிக்கு வட்டி கட்டறேன்னு நினைப்பு. கதை சின்னதா இருந்தா நானே ரெண்டு சண்டை சேர்த்து விடுவேன். டென்த் வரைக்கும் ஓடிச்சு அந்த திங்கக்கிழமை சினிமா. அப்புறம் வேற வேற ஸ்கூல், வேற வேற காலேஜ்.

அவன் இப்போ அடையார்ல இருக்கான். போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, மாடவீதிக்குக் காபி குடிக்க வரச் சொன்னேன். வந்தான். பேப்பரைப் பிரிச்சுப் புத்தகத்தை டேபிள்ல வெச்சேன். சீலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிச்சான்.

''தெரியும்டா.''

''என்னடா தெரியும்?''

''அப்பா அடிச்சு ஒரு மாசம் இருக்கும். காம்பஸ் எடுக்கலாம்னு உன் பையைத் திறந்தேன். உள்ளே இருந்துச்சு.''

எனக்குக் காபி தொண்டையில நின்னுடுச்சு. ''அப்பவே ஏன்டா கேக்கல?''

''கேட்டிருந்தா நீ என்கூட நடக்கறதை நிறுத்தியிருப்பே. திங்கக்கிழமை கதையை எனக்கு யாருடா சொல்லுவா?''

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அங்கேயே உட்கார்ந்து பத்து பக்கம் படிச்சான். ''நீ சொன்ன ஆர்ச்சி இதைவிட நல்லா இருந்தான்டா''ன்னான். ரெண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரிச்சோம். பக்கத்து டேபிள் மாமா முறைச்சார்.

கிளம்பறப்போதான், புத்தகத்தைத் தடவிக்கிட்டே சொன்னான். ''எங்கப்பா கடைசி வரைக்கும் நான் தொலைச்சேன்னுதான் நினைச்சுட்டு இருந்தார். எது காணாமப் போனாலும், 'இவன் அந்த லைப்ரரி புக்கைத் தொலைச்சவன்தானே'ம்பார். அவர்கிட்ட மட்டும் நீ ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.''

அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. கோட்டை இருந்தா அந்தச் சாயங்காலத்துக்குப் போய் இறங்கி, கதவைத் தட்டி, 'அங்கிள், புக் என்கிட்ட இருக்கு'னு சொல்லிடுவேன். இல்லையே!

ஆர்ச்சி அடுத்த பக்கத்துல எழுந்துடுவார். நமக்கு அடுத்த பக்கம் சில சமயம் இருக்காது. அதனால இந்த வார ஹோம்வொர்க்: உங்க ரூம்ல உங்களோடது இல்லாத ஒண்ணு இருக்கும். கால்குலேட்டரோ, ரெக்கார்டு நோட்டோ, பென் டிரைவோ, அடுத்தவன் தலையில போட்ட பழியோ. எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடுங்க. பழியா இருந்தா, யார் நம்பினாங்களோ அவங்க இருக்கும்போதே சொல்லிடுங்க.

எனக்கும் ஹோம்வொர்க் இருக்கு. லஸ் பழைய புத்தகக் கடையில நாலு ஆர்ச்சி சொல்லி வெச்சிருக்கேன். கிடைச்சா நேரா அடையார். திங்கக்கிழமை காலையில.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!