களைதல் என்பது யாது?

பயிரிடையே நிற்கும் நெற்சப்பியை உழவன் உற்றுநோக்கி, இது நெல்லன்று எனத் தெளிந்த பின்னரே பிடுங்குகிறான். அதனையே நாம் களைதல் என்கிறோம். தெளியாது பிடுங்குதல் அழித்தலாகும். வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் களையெடுப்புக்கு ஒப்பிட்டதும் கொலைபுரிந்த கொடியாரைத் தண்டிப்பதையே. ஓர் இனத்தை அகற்றுவதையன்று.

2007 யூன் 7ஆம் நாள் கொழும்பில் நிகழ்ந்தது என்ன? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். தக்க காரணமின்றித் தங்கியோர் என்பதே கூறப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கு வந்தவரும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவரும் அவருள் இருந்தனர். 1983இல் இரத்மலானை இந்துக் கல்லூரியில் அகதிகளாய் ஒதுங்கிக் கப்பலேறிய தலைமுறைக்கு இக்காட்சி புதிதன்று. அன்று துரத்தியது கலகக் கும்பல். 2007இல் வெளியேற்றியதோ அரசின் கை!

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் வருத்தந் தெரிவித்தார். எனினும் பாடம் எஞ்சியுள்ளது. குற்றத்தை ஆராயாது பெயரையும் மொழியையும் கண்டு அகற்றுவோர், அதனைப் பாதுகாப்பென்க, வேறெதுவும் என்க. களைதல் என்னல் வேண்டா. அஃது உழவனின் நேர்மையான சொல்!