அவர் தூங்குகிற நேரம்

"உங்களுக்கென்ன அக்கா, எப்பப் பார்த்தாலும் கையிலே எதையாவது பின்னிக்கிட்டு ஜாலியா இருக்கீங்க. எனக்கு உட்காரக்கூட நேரமில்லே" என்று அலுத்துக்கொண்டாள் எதிர்வீட்டுப் பெண். கைக்குழந்தைக்காரி. என் கணவரைப் போலவே அவள் கணவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் வேலை. அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன், சகோதரிகளே.

ஷிப்ட் வேலைக்காரர் குடும்பம் நடத்துவது எப்படியென்று நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் காலை 6 மணி, அடுத்த வாரம் பிற்பகல் 2 மணி, அதற்கடுத்த வாரம் இரவு 10 மணி. இதில் நைட் ஷிப்ட் வாரம்தான் நமக்குச் சோதனை. காலையில் வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்தாரானால் பிற்பகல் மூன்று மணி வரை வீட்டில் மிக்ஸி கூடாது, டீவி கூடாது, குக்கர் விசில் கூடாது.

அவர் தூங்கத்தான் வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு மிஷின் பக்கத்தில் நிற்பது ஆபத்தல்லவா? வெளிச்சம் பட்டால் உடம்பு பகலென்று விழித்துக்கொள்ளும் என்பதால் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் திரையும் தைத்துப் போட்டேன். அதுவரைக்கும் சரிதான்.

ஆனால் அந்த அமைதியை நான் காத்த விதம்தான் தப்பு. அப்போது மகளுக்கு ஐந்து வயசு. நர்சரி பள்ளி பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். சிரித்தால் 'உஸ்!', ஓடினால் 'உஸ்!'. நானாவது நிம்மதியாக இருந்தேனா? சும்மா உட்காருவது ஏதோ குற்றம் என்பதுபோல், துடைத்த டப்பாவையே மறுபடி துடைப்பேன். மடித்த துணியையே உதறி மடிப்பேன்.

ஒரு நாள் டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, உங்க பொண்ணு ஏன் எதைக் கேட்டாலும் காதோரமா ரகசியம் பேசறா? வீட்லே யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா?"

சுருக்கென்றது எனக்கு. குழந்தைக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் 'உஸ்' தானா?

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வரவில்லை. ரயில் பாதைக்குத் தள்ளி ஒரு புங்கமரம். அதன் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். சென்னையிலிருந்து கூடூர் வழியாக வடக்கே போகிற பாதையாயிற்றே, வண்டிக்குப் பஞ்சமா! "கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டின்னு எண்ணு பார்ப்போம்" என்றேன். முதலில் முணுமுணுத்தாள். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்றதும் குரல் ஏறியது. இருபதுக்கு மேல் தெரியாது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துக் கத்தினாள். அடடா, என் பெண்ணுக்கு இத்தனை பெரிய குரலா!

கத்தித் தீர்த்த குழந்தை வீட்டுக்கு வந்ததும் சமர்த்தாகப் படம் வரைந்தது. எனக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சியது. சத்தமே இல்லாத வேலை எதுவென்று யோசித்தபோது பழவேற்காட்டு ஓலைப்பெட்டி நினைவுக்கு வந்தது. அங்குள்ள முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பனங்குருத்தோலையில் வண்ண வண்ணமாகப் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். அப்படிப் பின்னுகிற ஒரு அம்மாவிடம் நாலு தடவை போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஓலையைக் காயவைத்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்ள வேண்டும். பின்னும்போது லேசாக ஈரம் காட்டினால் ஒடியாது. என் முதல் பெட்டி கோணல்மாணல். அவர் எழுந்து வந்து, "இதென்ன, பூகம்பத்திலே மாட்டின வீடா?" என்று கேலி செய்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் வாட்சும் சில்லறையும் அதில்தான்!

வார விடுமுறை தினம் வந்தால், எப்போதாவது பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். கட்டுச்சாதம் கையோடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வரும். கரையிலிருந்து பார்த்தாலே கண் நிறையும். படகு ஆசை வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் பலியானதை மறக்க முடியுமா?

"எல்லாம் சரிக்கா, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நான் எதைப் பின்ன?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். நியாயந்தானே!

"நீ ஒண்ணுமே பின்ன வேண்டாம். குழந்தை தூங்கறப்போ நீயும் காலை நீட்டிப் படு. பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது" என்றேன்.

ஓய்வு நேரமென்றால் காசு வருகிற கைவேலையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பழைய பாட்டொன்றை முணுமுணுக்கலாம். வாசல் திண்ணையில் ஒரு டம்ளர் காபியை ஆறுவதற்குள் குடிக்கலாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு என்று காத்திருந்தால் மட்டும் அந்த நேரம் வரவே வராது. வீட்டு வேலைக்கு ஏதம்மா முடிவு? நடுவில் நாமாகத்தான் கால் மணி எடுத்துக்கொள்ள வேண்டும். "இது என் நேரம்" என்று வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். நான் சொன்னபோது என்னவர் கோபிக்கவில்லை, "இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்றுதான் கேட்டார்.

நேற்று மத்தியானம் எதிர்வீட்டுக்குப் போனேன். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. குழந்தையை அணைத்தபடி தாயும் நல்ல தூக்கம். சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.